இந்திய மருந்து மற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் சங்கங்களின் கூட்டமைப்பு

இந்திய மருந்து மற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் சங்கங்களின் கூட்டமைப்பு என்பது, இந்தியாவில் மருந்து நிறுவனங்களிலும் பிற நுகர்பொருள் நிறுவனங்களிலும் விற்பனை மேம்பாட்டுப் பணி செய்யும் ஊழியர்களின் அனைத்திந்திய அமைப்பு ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. 1960களில் தோன்றிய இவ்வமைப்பு, விற்பனைப் பிரதிநிதிகளைச் சட்டம் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து வளர்ந்தது. இக்கோரிக்கையின் விளைவாக 1976 ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. பிற்காலத்தில் மருந்து விலை, மருந்துக் கொள்கை, மருத்துவர்களுக்கு நிறுவனங்கள் அளிக்கும் அன்பளிப்புகள் ஆகியவை குறித்தும் இக்கூட்டமைப்பு இயக்கங்களையும் வழக்குகளையும் நடத்தியுள்ளது.

பெயர்

தொடக்கத்தில் இவ்வமைப்பு மருந்துப் பிரதிநிதிகளை மட்டுமே கொண்டிருந்தது. 1972 ஆம் ஆண்டின் நாடாளுமன்ற ஆவணங்களில் இது இந்திய மருந்துப் பிரதிநிதிகள் சங்கங்களின் கூட்டமைப்பு என்ற பொருள் தரும் பெயராலேயே குறிப்பிடப்படுகிறது. பிற பொருள்களை விற்கும் பிரதிநிதிகளும் சேர்க்கப்பட்ட பின்னர் "விற்பனை" என்ற சொல் பெயரில் இடம்பெற்றது. எனினும் பழைய சுருக்கப் பெயர் மாற்றப்படவில்லை.

பின்னணி

மருந்துப் பிரதிநிதியின் பணி

பெரும்பாலான நுகர்பொருள்களை வாங்குபவரே தெரிவு செய்கிறார். மருத்துவர் சீட்டின் பேரில் விற்கப்படும் மருந்துகளில் அவ்வாறு இல்லை. எந்த மருந்து, எந்த நிறுவனத்தின் வணிகப் பெயரில் வாங்கப்பட வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். பணம் கொடுப்பவர் நோயாளி. ஆகவே மருந்து நிறுவனங்கள் தமது விற்பனை முயற்சியை மருத்துவரை நோக்கியே அமைக்கின்றன. இம்முயற்சியைக் களத்தில் மேற்கொள்பவரே மருந்து விற்பனைப் பிரதிநிதி. பேச்சுவழக்கில் இவர் மெடிக்கல் ரெப் என்றும், சுருக்கமாக ரெப் என்றும் அழைக்கப்படுகிறார்.

பிரதிநிதிக்கு ஒரு நகரமோ சில வட்டங்களோ பணிப்பகுதியாக ஒதுக்கப்படும். அப்பகுதியிலுள்ள மருத்துவர்களின் பட்டியல் ஒன்று அவரிடம் இருக்கும். ஒவ்வொரு மருத்துவரையும் குறித்த இடைவெளியில் சந்தித்து, மருந்தின் சேர்மானம், பயன், அளவு, பக்கவிளைவு ஆகியவற்றைப் படங்களுடன் விளக்குவதும், மாதிரி மருந்துகளைக் கொடுப்பதும் அவரது முதன்மைப் பணிகள் ஆகும். இவற்றுடன் மருந்துக் கடைகளில் இருப்பைக் கேட்டறிதல், மொத்த விற்பனையாளரிடம் கொள்முதல் ஆணை பெறுதல், அன்றாடச் சந்திப்பு அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்புதல் ஆகியவையும் அவரது கடமைகள். வெளியூர்ப் பயணம் மாதத்தின் பல நாள்களைக் கொள்ளும்.

இப்பணியின் சில இயல்புகள் பின்னாளில் எழுந்த சட்டச் சிக்கலுக்குக் காரணமாயின. பிரதிநிதிக்குத் தொழிற்சாலையோ நிலையான அலுவலகமோ இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் வரையறுக்கப்படவில்லை. பெரும்பாலோர் பட்டதாரிகள். கழுத்துப்பட்டி அணிந்து தோற்பையுடன் செல்லும் இவர்களைப் பொதுமக்கள் அலுவலர்களாகவே கருதினர். அதே வேளை, விற்பனை இலக்கை அடையாத பிரதிநிதியை நிறுவனம் எளிதில் வேலையிலிருந்து நீக்கவோ தொலைவிடத்துக்கு மாற்றவோ முடிந்தது. ஒரே நிறுவனத்தின் பிரதிநிதிகள் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே பணியாற்றியதால், தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் போல் ஒரு வாயிலில் கூடிப் பேசும் வாய்ப்பும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஒரே ஊரில் மருத்துவமனை வாசல்களிலும் மருந்துக் கடைகளிலும் சந்தித்துக்கொண்ட வெவ்வேறு நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஊர் அளவிலும் மாநில அளவிலும் இணைந்தனர். இதனால் இச்சங்கங்கள் நிறுவன வாரியாக அன்றித் தொழில் வாரியாக அமைந்தன.

பிற நாடுகளில் விற்பனையாளர் அமைப்புகள்

விற்பனையாளர் அமைப்புகள் எல்லா நாடுகளிலும் ஒரே நோக்கத்துடன் தோன்றவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கொலம்பசு நகரில் 1888 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐக்கிய வணிகப் பயணிகள் அமைப்பு, ஊர் ஊராகச் சென்று விற்பனை செய்தோருக்கு விபத்துக் காப்பீடு வழங்கும் உதவிச் சங்கமாக அமைந்தது. இலண்டனில் 1911 ஆம் ஆண்டு தோன்றிய விற்பனை மேலாளர்கள் சங்கம், தேர்வுகளும் சான்றிதழ்களும் வழங்கும் கல்விசார் அமைப்பாக வளர்ந்து, 1989 ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்று, பட்டய சந்தைப்படுத்தல் நிறுவனம் ஆனது. இவற்றுள் முன்னது தற்காப்பையும் பின்னது தொழில் தகுதியையும் முதன்மையாகக் கொண்டவை. இந்தியக் கூட்டமைப்பு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டு, தொழிற்சங்க வடிவம் பெற்றது. அதற்கான காரணம் இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் அமைந்திருந்தது.

சட்டச் சிக்கல்

இருவேறு வரையறைகள்

இந்தியத் தொழிற்சங்கச் சட்டம், 1926, தொழில் அல்லது வணிகத்தில் பணிபுரியும் அனைவரையும் தொழிலாளர் என்று கொண்டது. எனவே விற்பனைப் பிரதிநிதிகள் சங்கம் அமைத்துப் பதிவு செய்வதற்குத் தடை இருக்கவில்லை. ஆனால் வேலைநீக்கம், ஆட்குறைப்பு, ஊதியத் தகராறு ஆகியவற்றைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தொழில் தீர்ப்பாயத்துக்கோ கொண்டு செல்வது தொழில் தகராறுகள் சட்டம், 1947இன் கீழ் நிகழ்ந்தது. இச்சட்டம் தொழிலாளர் என்பதற்குக் குறுகிய வரையறை ஒன்றைக் கொண்டிருந்தது. உடலுழைப்பு அல்லது எழுத்தர் பணி செய்பவரே முதலில் அதில் அடங்கினர். 1956 ஆம் ஆண்டின் திருத்தம் தொழில்நுட்பப் பணியையும் மேற்பார்வைப் பணியையும் சேர்த்தது. விற்பனைக்காக ஆதரவு திரட்டும் பணி எந்த வகையிலும் குறிப்பிடப்படவில்லை.

இதன் நடைமுறை விளைவு கடுமையானது. பிரதிநிதிகளுக்குச் சங்கம் இருந்தது. ஆனால் அச்சங்கம் எழுப்பும் தகராறை விசாரிக்கும் மன்றம் இல்லை. நீக்கப்பட்ட தொழிற்சாலை ஊழியர் ஒருவர் மீண்டும் வேலையில் அமர்த்தும்படி தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். நீக்கப்பட்ட பிரதிநிதியோ உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோருவதைத் தவிர வேறு வழி அற்றவராக இருந்தார்.

மே அண்ட் பேக்கர் வழக்கு

இச்சிக்கல் உச்ச நீதிமன்றத்தின் முன் முதலில் தெளிவாக எழுந்தது மே அண்ட் பேக்கர் நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளர்களுக்கும் இடையிலான வழக்கில் ஆகும். நிறுவனம் பணியிலிருந்து விடுவித்த ஒரு பிரதிநிதி, தொழில் தகராறுகள் சட்டத்தின்படி தொழிலாளரா என்பது கேள்வி. 1961 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட தீர்ப்பில், அவரது முதன்மைப் பணி விற்பனைக்கு ஆதரவு திரட்டுவதே என்றும், அவர் செய்த எழுத்துப் பணியும் உடலுழைப்பும் அதற்குத் துணையானவை மட்டுமே என்றும் நீதிமன்றம் கருதியது. ஆகவே அவர் தொழிலாளர் அல்லர் என முடிவு செய்யப்பட்டது. இத்தீர்ப்பு 1956 ஆம் ஆண்டின் திருத்தத்துக்கு முந்தைய வரையறையின் அடிப்படையில் அமைந்தது.

பர்மா ஷெல் வழக்கு

1970 ஆம் ஆண்டில் பர்மா ஷெல் நிறுவனத்தின் மேலாண்மைப் பணியாளர் சங்க வழக்கில், திருத்தப்பட்ட வரையறையை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. ஒருவர் தொழிலாளர் ஆக வேண்டுமெனில், அவரது முதன்மைப் பணி சட்டத்தில் கூறப்பட்ட வகைகளுள் ஒன்றில் அடங்க வேண்டும் என்றும், எந்த வகையிலும் அடங்காத பணிகள் உண்டு என்றும், விற்பனை மேம்பாடு அத்தகையது என்றும் நீதிமன்றம் விளக்கியது. வரையறையில் புதிய சொற்கள் சேர்ந்த பின்னரும் பிரதிநிதிகளின் நிலை மாறவில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

நாடாளுமன்றத்திடம் மனு

நீதிமன்றங்களின் வழி அடைபட்ட நிலையில், கூட்டமைப்பு நாடாளுமன்றத்தை அணுகியது. மாநிலங்களவையின் மனுக்கள் குழு இதன் மனுவை ஆராய்ந்து, 1972 மார்ச் 14 அன்று தனது பதின்மூன்றாவது அறிக்கையை அளித்தது. தொழிலாளர் என்ற சொல்லின் வரையறையை விரிவுபடுத்துவதால் மட்டும் பிரதிநிதிகளுக்குச் சமூக நீதி கிட்டிவிடாது என்பது குழுவின் முடிவு. வேலைப் பாதுகாப்பும் பிற நலன்களும் கிடைக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

ஒரு தொழிற்பிரிவினரின் மனு தனிச் சட்டத்துக்கு அடிப்படையாக அமைந்த நிகழ்வு என்ற வகையில் இவ்வறிக்கை குறிப்பிடத்தக்கது. பின்னர் கொண்டுவரப்பட்ட சட்டமுன்வடிவின் நோக்கங்களும் காரணங்களும் பற்றிய கூற்றில், மே அண்ட் பேக்கர் தீர்ப்பும் மனுக்கள் குழுவின் அறிக்கையும் கூட்டமைப்பின் பெயரும் இடம்பெற்றுள்ளன.

1976 ஆம் ஆண்டின் சட்டம்

விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் பணி நிலைமைகள் சட்டம், 1976 அவ்வாண்டு சனவரி 25 அன்று சட்டமாகி, மார்ச் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது இந்தியாவில் நெருக்கடி நிலை நிலவியது. சட்டம் முதலில் மருந்துத் தொழிலுக்கு மட்டும் பொருந்தியது. பிற தொழில்களுக்கு அறிவிக்கை மூலம் விரிவுபடுத்தும் அதிகாரம் நடுவண் அரசுக்கு அளிக்கப்பட்டது.

சட்டத்தின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு இருந்தன:

* பணி நியமனக் கடிதம்: ஒவ்வொரு ஊழியருக்கும் வரையறுக்கப்பட்ட படிவத்தில் நியமனக் கடிதம் வழங்கப்பட வேண்டும். ஏற்கனவே பணியில் இருந்தோருக்குச் சட்டம் தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் வழங்கப்பட வேண்டும்.

* ஈட்டிய விடுப்பு: பணியில் கழித்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முழு ஊதியத்துடன் விடுப்பு. அதாவது 330 நாள்கள் பணி செய்தவருக்குக் குறைந்தது 30 நாள்கள்.

* மருத்துவ விடுப்பு: பணிக்காலத்தில் பதினெட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல், மருத்துவச் சான்றின் பேரில், அரை ஊதியத்துடன் விடுப்பு.

* பிற சட்டங்களின் பயன்: தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (1923), தொழில் தகராறுகள் சட்டம் (1947), குறைந்தபட்ச ஊதியச் சட்டம் (1948), மகப்பேறு நலச் சட்டம் (1961), போனஸ் வழங்கல் சட்டம் (1965), பணிக்கொடை வழங்கல் சட்டம் (1972) ஆகியவை இவ்வூழியர்களுக்கும் பொருந்தும்.

* தண்டனை: சட்டத்தை மீறும் நிறுவன உரிமையாளருக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

இவற்றுள் தொழில் தகராறுகள் சட்டத்தின் நீட்டிப்பே மிக இன்றியமையாதது. பிரதிநிதி தொழிலாளர் ஆவாரா என்ற வினாவுக்கு விடை கூறாமலேயே, தொழிலாளருக்குரிய பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்று சட்டம் கூறியது.

ஊதிய வரம்பும் 1986 ஆம் ஆண்டின் திருத்தமும்

சட்டத்தின் பயன் தொடக்கத்தில் எல்லாப் பிரதிநிதிகளுக்கும் கிட்டவில்லை. தரகு நீங்கலாக மாதம் 750 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர், அல்லது தரகுடன் சேர்த்து ஆண்டுக்கு 9,000 ரூபாய் வரை பெறுவோர் மட்டுமே விற்பனை மேம்பாட்டு ஊழியர் எனக் கொள்ளப்பட்டனர். விலைவாசியும் ஊதியமும் உயர உயர, ஆண்டுதோறும் பலர் சட்டத்தின் வரம்புக்கு வெளியே சென்றனர். ஊதிய உயர்வு பெறுவதே பாதுகாப்பை இழப்பதற்குக் காரணமாகும் முரண்நிலை ஏற்பட்டது.

1986 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவ்வரம்பை நீக்கியது. இத்திருத்தம் 1987 மே 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர், மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வைப் பணியாளர்களும், முதன்மையாக மேலாண்மை அல்லது நிர்வாகப் பணி செய்வோரும் மட்டுமே விலக்கப்பட்டனர். நிறுவனம் ஊழியருக்கு எந்தப் பதவிப் பெயரைக் கொடுத்தாலும் பணியின் இயல்பே கருதப்படும் என்பதும் வரையறையில் அடங்கியது. பிரதிநிதிகளுக்கு அலுவலர் என்பன போன்ற பதவிப் பெயர்கள் வழங்கப்பட்ட சூழலில் இது பயனுள்ள கூறாக அமைந்தது.

சாண்டோஸ் வழக்கு, 1994

தனிச் சட்டம் வந்த பிறகும், பிரதிநிதிகள் தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் நேரடியாகவே தொழிலாளர்கள் தாமா என்ற கேள்வி தொடர்ந்தது. 1982 ஆம் ஆண்டின் திருத்தம் அச்சட்டத்தின் வரையறையில் தேர்ச்சியுள்ள பணி, தேர்ச்சியற்ற பணி, இயக்கப் பணி ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டது. இத்திருத்தம் 1984 ஆகத்து 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 1983 ஆம் ஆண்டில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் வளர்ச்சி அலுவலர் ஒருவரைத் தொழிலாளர் என உச்ச நீதிமன்றமே ஏற்றிருந்தது. இதனால் தீர்ப்புகளுக்கிடையே முரண் தோன்றியது.

இம்முரணைத் தீர்க்க, எச். ஆர். அத்யந்தாயா எதிர் சாண்டோஸ் இந்தியா நிறுவனம் என்ற வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வின் முன் வந்தது. மருந்தைப் பற்றி மருத்துவருக்கு விளக்குவதற்கு அறிவியல் அறிவும் பயிற்சியும் தேவை. ஆகவே இது தேர்ச்சியுள்ள பணி அல்லது தொழில்நுட்பப் பணி என்பது பிரதிநிதிகள் தரப்பின் வாதம். 1994 ஆம் ஆண்டில் நீதிபதி பி. பி. சாவந்த் எழுதிய தீர்ப்பு இவ்வாதத்தை ஏற்கவில்லை. தேர்ச்சியுள்ள பணி என்ற சொல்லை அதனுடன் வரும் உடலுழைப்பு, இயக்கப் பணி முதலிய சொற்களோடு சேர்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்றும், விற்பனை மேம்பாடு அதில் அடங்காது என்றும் அமர்வு கூறியது.

இதன்படி பிரதிநிதிகளின் நிலை மூன்று காலப்பகுதிகளாகப் பிரிந்தது:

* 1976 மார்ச் 6க்கு முன்: மே அண்ட் பேக்கர் தீர்ப்பின்படி தொழில் தகராறுகள் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

* 1976 மார்ச் 6 முதல் 1987 மே 5 வரை: ஊதிய வரம்புக்கு உட்பட்டோருக்கு மட்டும் தனிச் சட்டத்தின் வழியாகப் பாதுகாப்பு.

* 1987 மே 6 முதல்: மேற்பார்வை, மேலாண்மை விலக்குகள் நீங்கலாக, சட்டம் பொருந்தும் தொழில்களில் அனைவருக்கும் பாதுகாப்பு.

வழக்கின் முதன்மை வாதம் தோற்றபோதிலும், பிரதிநிதிகளின் உரிமை முழுவதும் 1976 ஆம் ஆண்டின் சட்டத்தையே சார்ந்துள்ளது என்பதை இத்தீர்ப்பு தெளிவாக்கியது. அச்சட்டத்தைப் பாதுகாப்பது கூட்டமைப்பின் நிலையான கோரிக்கை ஆனதற்கு இதுவே காரணம்.

பிற தொழில்களுக்கு விரிவாக்கம்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இச்சட்டம் மருந்துத் தொழிலுக்கே உரியதாக இருந்தது. சோப்பு, மென்பானம், வண்ணப்பூச்சு முதலியவற்றை விற்ற பிரதிநிதிகள் அதே இயல்புள்ள பணியைச் செய்தும் பாதுகாப்பு அற்றவர்களாக இருந்தனர். 2011 ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை இந்நிலையை ஓரளவு மாற்றியது. அழகுசாதனப் பொருள்களும் சோப்புகளும், ஆயத்த ஆடைகள், மென்பானம், பிசுக்கட்டும் இனிப்பு வகைகளும், ஆயுர்வேத, யுனானி, ஓமியோபதி மருந்துகள், தானுந்துகளும் உதிரிப்பாகங்களும், அறுவைக் கருவிகள், மின்னணுப் பொருள்கள், கணினிகள், மின்சாதனங்கள், வண்ணப்பூச்சுகள் ஆகிய தொழில்களுக்குச் சட்டம் விரிவுபடுத்தப்பட்டது.

அமைப்பு

கூட்டமைப்பு மாநிலச் சங்கங்களின் இணைப்பாக இயங்குகிறது. மேற்கு வங்காளம், கேரளம், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் சங்கங்கள் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் தமிழ்நாடு மருந்து மற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் சங்கம் செயல்படுகிறது.

கூட்டமைப்பு, இந்தியத் தொழிற்சங்க மையத்துடன் நெருங்கிய தொடர்புடையது. நடுவண் தொழிற்சங்கங்கள் கூட்டாக அழைப்பு விடுத்த பொது வேலைநிறுத்தங்களிலும் பங்கேற்று வந்துள்ளது.

மருந்துக் கொள்கையில் ஈடுபாடு

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 மருந்துப் பொருளுக்கான காப்புரிமையை விலக்கி, செய்முறைக்கான காப்புரிமையை மட்டும் ஏற்றது. உள்நாட்டு மருந்துத் தொழில் வளர்ந்து, குறைந்த விலையில் மருந்துகள் கிடைத்ததற்கு இது முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. உலக வணிக அமைப்பின் உடன்பாட்டுக்கு இணங்க, 2005 சனவரி 1 முதல் பொருள் காப்புரிமை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இம்மாற்றத்தை எதிர்த்த அமைப்புகளுள் கூட்டமைப்பும் ஒன்று. மருந்துகளின் விலைக் கட்டுப்பாடு, பொதுத்துறை மருந்து நிறுவனங்களின் பாதுகாப்பு, மருந்துகளின் மீதான வரி நீக்கம் ஆகியவையும் இதன் கோரிக்கைகள். 2017 ஆம் ஆண்டில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பெரும்பாலான மருந்துகள் 12 விழுக்காட்டு வரிக்கு உட்பட்டன; 2025 செப்டம்பர் 22 முதல் இது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மக்கள் நலவாழ்வு இயக்கத்திலும் கூட்டமைப்பு உறுப்பு வகிக்கிறது.

விற்பனை முறைகள் குறித்த வழக்கு

மருத்துவர்களுக்கு நிறுவனங்கள் அளிக்கும் பரிசுப் பொருள்கள், பயணச் செலவு, விருந்து ஆகியவை மருந்துத் தெரிவைப் பாதிக்கின்றன என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. இந்திய மருத்துவக் கழகம் 2009 திசம்பரில் தனது ஒழுக்க விதிகளைத் திருத்தி, மருத்துவர்கள் இவற்றைப் பெறுவதைத் தடை செய்தது. ஆனால் இவ்விதிகள் மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தின. கொடுக்கும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவில்லை. நிறுவனங்களுக்கென 2015 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த மருந்து விற்பனை நடைமுறைகளின் சீரான நெறித்தொகுப்பு, விரும்பி ஏற்கும் ஒன்றாகவே இருந்தது.

இந்நெறித்தொகுப்புக்குச் சட்ட வலு அளிக்க வேண்டும் எனக் கோரிக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 2022 மார்ச்சில் நீதிமன்றம் நடுவண் அரசுக்கு அறிவிப்பு அனுப்பியது. அவ்வாண்டு ஆகத்தில் நடந்த விசாரணையில், கொரோனாக் காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஒரு காய்ச்சல் மாத்திரையின் விற்பனைக்காகப் பெருந்தொகை அன்பளிப்பாகச் செலவிடப்பட்டது என்ற குற்றச்சாட்டைக் கூட்டமைப்பின் வழக்கறிஞர் எடுத்துக்கூறினார். இது நாடெங்கும் செய்தியானது. உற்பத்தி நிறுவனம் இக்குற்றச்சாட்டை மறுத்தது.

இதே காலத்தில், 2022 பெப்ரவரி 22 அன்று, சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் ஆய்வக நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடர்புடைய தீர்ப்பு ஒன்றை வழங்கியது. மருத்துவர்கள் பெறுவது தடை செய்யப்பட்ட அன்பளிப்புகளுக்கு நிறுவனம் செய்த செலவை, வணிகச் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2024 மார்ச் 12 அன்று நடுவண் அரசின் மருந்துத் துறை புதிய நெறித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. இது முறையீடுகளை மருந்து உற்பத்தியாளர் சங்கங்களின் குழுக்களே விசாரிக்கும் வகையில் அமைந்துள்ளது.

விற்பனைப் பணியாளர்களின் அமைப்பே விற்பனை முறைகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது கவனிக்கத்தக்கது. அன்பளிப்பை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பவராகப் பிரதிநிதியே பெரும்பாலும் பயன்படுத்தப்படுகிறார். கொள்கையை வகுப்பது நிறுவனம். விற்பனை இலக்கைச் சுமப்பதும், முறைகேடு வெளிப்படும்போது முதலில் கண்ணில் படுவதும் பிரதிநிதி. இதனால் நெறிமுறைக் கேள்வி அவருக்கு வேலைப் பாதுகாப்புக் கேள்வியாகவும் ஆகிறது.

வேலை நேரமும் கண்காணிப்பும்

1976 ஆம் ஆண்டின் சட்டம் விடுப்பை வரையறுத்தபோதிலும், நாளொன்றுக்கான வேலை நேரத்தை வரையறுக்கவில்லை. மருத்துவர்களைப் பகலில் மருத்துவமனைகளிலும் இரவில் தனி மருத்துவ நிலையங்களிலும் சந்திக்க வேண்டியிருப்பதால், பிரதிநிதியின் நாள் காலை முதல் பின்னிரவு வரை நீள்வதுண்டு. எட்டு மணி நேர வேலையும், இப்பணிக்கெனச் சட்டப்படியான பணி விதிகளும் வேண்டும் என்பது கூட்டமைப்பின் நெடுநாள் கோரிக்கை.

கைபேசியின் பரவலுக்குப் பின்னர், பிரதிநிதி இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழிகாட்டி மூலம் நிறுவனம் தொடர்ந்து அறியும் முறை வந்தது. முன்னர் கையால் எழுதி அனுப்பப்பட்ட அன்றாட அறிக்கையின் இடத்தை உடனுக்குடன் பதிவாகும் செயலிகள் பிடித்தன. இது தனியுரிமைக்கு எதிரானது எனக் கூட்டமைப்பு கூறுகிறது. 2023 திசம்பர் 20 அன்று நடைபெற்ற நாடு தழுவிய ஒருநாள் வேலைநிறுத்தத்தில், மின்னணுக் கண்காணிப்பு நிறுத்தம், சட்டப்படியான பணி விதிகள், 1976 ஆம் ஆண்டின் சட்டத்தைப் பாதுகாத்தல், மருந்து விலைக் குறைப்பு ஆகியவை முதன்மைக் கோரிக்கைகளாக இருந்தன.

அரசு மருத்துவமனைகளில் நுழைவதற்கான உரிமையும் ஒரு சிக்கலாக உள்ளது. 2025 ஆம் ஆண்டில் நடுவண் அரசின் மருத்துவமனைகளில் மருந்துப் பிரதிநிதிகள் மருத்துவர்களைச் சந்திப்பதை அனுமதிக்க வேண்டாம் எனவும், மருந்துத் தகவல்களை மின்னஞ்சல் முதலிய வழிகளில் பெறலாம் எனவும் அறிவுறுத்தல் வெளியானது. மருத்துவர் மீதான வணிகச் செல்வாக்கைக் குறைக்கும் நடவடிக்கையாக இது முன்வைக்கப்பட்டது. நேரடிச் சந்திப்பையே பணியாகக் கொண்டவர்களுக்கு இது வாழ்வாதாரம் சார்ந்த கேள்வியாகும்.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்

இந்திய அரசு 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றியமைத்தது. 1976 ஆம் ஆண்டின் சட்டம், 2020 ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணி நிலைமைகள் தொகுப்பினுள் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக அரசு அறிவித்தது. இவற்றின் மூலம் தனிச் சட்டமாக இருந்த நிலை முடிவுக்கு வந்தது.

புதிய தொழிலுறவுத் தொகுப்பு, தொழிலாளர் என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே விற்பனை மேம்பாட்டு ஊழியர்களைச் சேர்த்துள்ளது. 1961 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மறுத்ததும், 1994 ஆம் ஆண்டு மீண்டும் மறுக்கப்பட்டதுமான தகுதி இதனால் சட்டத்தின் சொற்களிலேயே இடம்பெற்றது. எனினும் தொகுப்புகளைக் கூட்டமைப்பு எதிர்த்து வருகிறது. தனிச் சட்டம் மறைவது, குறித்த காலத்துக்கு மட்டும் வேலையளிக்கும் முறைக்கு இடமளிக்கப்படுவது, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயமாக்கப்படுவது ஆகியவை தொழிற்சங்கங்கள் கூறும் எதிர்ப்புக் காரணங்கள். சட்டங்களின் எண்ணிக்கை குறைவதால் நடைமுறை எளிதாகும் என்பதும், நியமனக் கடிதம் அனைவருக்கும் கட்டாயமாகும் என்பதும் அரசின் நிலைப்பாடு.

காலக்கோடு

* 1926 – தொழிற்சங்கச் சட்டம்

* 1947 – தொழில் தகராறுகள் சட்டம்

* 1961 – மே அண்ட் பேக்கர் தீர்ப்பு

* 1970 – பர்மா ஷெல் தீர்ப்பு

* 1972 – மாநிலங்களவை மனுக்கள் குழுவின் அறிக்கை

* 1976 – விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம்

* 1987 – ஊதிய வரம்பு நீக்கம் நடைமுறைக்கு வருதல்

* 1994 – சாண்டோஸ் வழக்கில் அரசியலமைப்பு அமர்வின் தீர்ப்பு

* 2011 – பிற தொழில்களுக்குச் சட்டம் விரிவாக்கம்

* 2022 – அன்பளிப்புகள் குறித்த பொதுநல வழக்கில் அரசுக்கு அறிவிப்பு

* 2023 – நாடு தழுவிய ஒருநாள் வேலைநிறுத்தம்

* 2025 – தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வருதல்

இவற்றையும் பார்க்க

* தொழிற்சங்கம்

* இந்தியத் தொழிற்சங்க மையம்

* காப்புரிமை

* இந்திய உச்ச நீதிமன்றம்